திரெட் முடிவுகள் முரண்படும்போது: அப்பாச்சியைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அப்பாச்சி திரெட் வகை எம்பிஎம்மில் ஓடுகிறது, ஆனால் உங்கள் பிஹெச்பி மாட்யூல் திரெட்-சேஃபாகக் கம்பைல் ஆகவில்லை. பிஹெச்பியைத் திரும்பக் கம்பைல் செய்யுங்கள்." வெப் சர்வரைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து பழகுபவர்களில் பலர் சீக்கிரமே சந்திக்கும் பிழைச் செய்தியின் சாரம் இதுதான். திரெட் என்பது ஒரே பிராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்குள், ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலை இழைகளில் ஒன்று. எம்பிஎம் என்றால் என்ன என்பதைக் கீழே பார்ப்போம்.

செய்தி சொன்னபடியே பிஹெச்பியை மறுபடி கம்பைல் செய்கிறோம். சர்வர் கிளம்பிவிடுகிறது. ஆனால் பிஹெச்பிக்குக் கூடுதல் வசதி தரும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் ஏற மறுக்கிறது. அதையும் சரிசெய்தால், கூட்டம் அதிகமாகிற நேரத்தில் எரர் லாக்கில் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு பிராசஸ் விழுவது. இவை மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ஒரே பிராசஸுக்குள் வந்து சேரும் ஐந்தாறு மென்பொருள் துண்டுகளில் சில, திரெட் உண்டு என்ற முடிவோடு கம்பைல் ஆகியிருக்கும். சில, திரெட் கிடையாது என்ற முடிவோடு கம்பைல் ஆகியிருக்கும். ஆகவே கைக்கு வந்ததைத் திரும்பக் கம்பைல் செய்யாதீர்கள். எந்தத் துண்டு என்ன முடிவோடு இருக்கிறது என்று முதலில் ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். கீழ் அடுக்கிலிருந்து மேலே ஏறி வந்தால் இதற்கு அதிக நேரம் பிடிக்காது.

கமாண்டுகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

திரெட் எங்கே குறுக்கே வருகிறது

அப்பாச்சி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பகுதிக்குப் பெயர் எம்பிஎம், அதாவது மல்டி பிராசஸிங் மாட்யூல். லினக்ஸில் மூன்று உண்டு. பிரிஃபோர்க் என்பதில் ஒரு பிராசஸ் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும்; திரெட் என்ற பேச்சே இல்லை. வொர்க்கர், ஈவென்ட் இரண்டிலும் ஒரு பிராசஸுக்குள் பல திரெட்கள். நாம் எதையும் மாற்றாவிட்டால் பிராசஸுக்கு 25. 2012-இல் வந்த 2.4 வெளியீட்டிலிருந்து, இடம் கொடுக்கும் கணினிகளில் ஈவென்ட்தான் இயல்புத் தேர்வு. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்துக் கம்பைல் செய்பவர்கள் தடுமாறுவதற்கு இதுவே பெரிய காரணம். அந்தக் குறிப்புகள் பிரிஃபோர்க்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

25 திரெட்களும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்கின்றன. சி மொழியின் 'லோக்கல்டைம்' ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது தேதியைப் பிரித்து ஓர் இடத்தில் எழுதி, அந்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தரும். அந்த இடம் பிராசஸ் முழுமைக்கும் பொது. முதல் திரெட் அதைப் படிப்பதற்குள் இரண்டாவது திரெட் அதே இடத்தில் வேறொரு தேதியை எழுதிவிட்டால், முதல் பயனருக்கு இரண்டாம் பயனரின் தேதி போய்ச் சேரும். பிழைச் செய்தி வராது, கிராஷும் ஆகாது, தகவல் மட்டும் தப்பாக இருக்கும். இதற்காகத்தான் கடைசியில் 'ஆர்' சேர்த்த 'லோக்கல்டைம்_ஆர்' வந்தது. எங்கே எழுத வேண்டும் என்ற இடத்தை அதற்கு நாமே கொடுக்கிறோம். ஒரு லைப்ரரி இந்த இரண்டில் எந்த வழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அது திரெட்-சேஃபா இல்லையா என்ற கேள்வி.

முதல் படி: இருப்பதைக் கேளுங்கள்

எதையும் கம்பைல் செய்வதற்கு முன் 'ஹெச்டிடிபிடி -வி' என்று கொடுங்கள். இந்த 'வி' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன 'வி' வெர்ஷனை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். பைனரியின் முழுப் பாதையையும் கொடுப்பது முக்கியம். டிஸ்ட்ரோ பேக்கேஜாக வந்த அப்பாச்சி ஒன்றும் நீங்கள் கம்பைல் செய்த அப்பாச்சி ஒன்றும் ஒரே கணினியில் இருந்தால், பாதை இல்லாமல் கேட்கும்போது வேறு ஆள் பதில் சொல்லக்கூடும்.

வருகிற பதிலில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். 'சர்வர் எம்பிஎம்' என்ற வரி எது ஓடுகிறது என்று சொல்லும். 'திரெடட்' என்ற வரியில் 'யெஸ்' அல்லது 'நோ' இருக்கும். மூன்றாவதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'சர்வர் லோடட்', 'கம்பைல்ட் யூஸிங்' என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டிலும் ஏபிஆர், ஏபிஆர்-யூடில் வெர்ஷன் எண்கள் இருக்கும். கம்பைல் செய்தபோது இருந்த எண்ணும் இப்போது லோட் ஆகியிருக்கும் எண்ணும் வேறு வேறு என்றால், சிக்கலின் நுனி கிடைத்துவிட்டது. நீங்கள் ஒரு ஏபிஆரை வைத்துக் கம்பைல் செய்தீர்கள். ஓடும்போது சிஸ்டம் வேறொன்றை எடுத்துக் கொடுக்கிறது.

இரண்டாம் படி: ஏபிஆர்

ஏபிஆர் என்பது அப்பாச்சி போர்ட்டபிள் ரன்டைம். திரெட், பூட்டு (லாக்), மெமரி என எல்லாவற்றையும் அப்பாச்சி இதன் வழியாகத்தான் கேட்டு வாங்குகிறது. இங்கே திரெட் இல்லை என்றால் மேலே யாருக்கும் இல்லை.

ஏபிஆர் நிறுவிய இடத்தில் 'ஏபிஆர்.ஹெச்' என்ற ஹெட்டர் ஃபைல் இருக்கும். அதில் 'ஏபிஆர்_ஹாஸ்_திரெட்ஸ்' என்ற பெயரை கிரெப் செய்து பாருங்கள். பக்கத்தில் 1 இருந்தால் திரெட் உண்டு, 0 இருந்தால் இல்லை. 0 இருக்கும் ஏபிஆரை வைத்துக்கொண்டு ஈவென்ட் கேட்டால், இந்தத் தளத்தில் அந்த எம்பிஎம்முக்கு ஆதரவு இல்லை என்று, கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். செய்தியைப் படித்தால் ஏதோ லினக்ஸின் குறை போலத் தோன்றும். குறை ஏபிஆரில் இருக்கிறது.

புதியவர்களுக்கு என் பரிந்துரை: சிஸ்டத்தில் இருக்கும் ஏபிஆரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஏபிஆர், ஏபிஆர்-யூடில் இரண்டின் சோர்ஸையும் இறக்கி, அப்பாச்சி சோர்ஸுக்குள் இருக்கும் 'எஸ்ஆர்சிலிப்' ஃபோல்டரில், வெர்ஷன் எண் இல்லாமல் 'ஏபிஆர்', 'ஏபிஆர்-யூடில்' என்ற பெயர்களில் வையுங்கள். பிறகு கான்ஃபிகரில் '--வித்-இன்க்ளூடட்-ஏபிஆர்' கொடுங்கள். மூன்றும் ஒரே கம்பைலரில், ஒரே ஆப்ஷன்களோடு கம்பைல் ஆகும். ஏபிஆர்-யூடில் 1.6 முதல் எக்ஸ்பாட் என்ற எக்ஸ்எம்எல் லைப்ரரி கூடவே வருவதில்லை. அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை முன்கூட்டியே நிறுவாவிட்டால் 'எக்ஸ்பாட்.ஹெச்' இல்லை என்று நடுவழியில் நிற்கும். இதற்கும் திரெட்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் இந்த இடத்தில்தான் வந்து குழப்பும்.

மூன்றாம் படி: அப்பாச்சி

எம்பிஎம்மை இரண்டு விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். '--வித்-எம்பிஎம்=ஈவென்ட்' என்றால் அதுவே இயல்பாக அமையும். '--எனேபிள்-எம்பிஎம்ஸ்-ஷேர்ட்=ஆல்' என்றால் மூன்றும் தனித்தனி மாட்யூலாகக் கம்பைல் ஆகும்; கான்ஃபிக் ஃபைலில் ஒரு லோட்மாட்யூல் வரியை மாற்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் கிராஷைத் துரத்தும்போது இது பெரிய உதவி. ஒரு நேரத்தில் ஒரு எம்பிஎம் வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஏஹெச்00534 என்ற எண்ணோடு சர்வர் கிளம்ப மறுக்கும். எம்பிஎம்மை மாற்றியதும் ரீஸ்டார்ட் போதாது, முழுக்க நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

முன்பு வேறு ஆப்ஷன்களோடு கம்பைல் செய்த ஃபோல்டரிலேயே மறுபடி கான்ஃபிகர் செய்வதாக இருந்தால் 'மேக் டிஸ்ட்கிளீன்' கட்டாயம். இல்லையென்றால் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஃபோல்டரை அழித்துவிட்டு சோர்ஸை மறுபடி பிரித்துக்கொள்ளுங்கள், இன்னும் பாதுகாப்பு. அழிப்பதற்கு முன் 'கான்ஃபிக்.நைஸ்' என்ற ஃபைலை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். நீங்கள் கடைசியாகக் கொடுத்த எல்லா ஆப்ஷன்களும் அதில் அப்படியே இருக்கும்.

நான்காம் படி: பிஹெச்பி

பிஹெச்பியை அப்பாச்சிக்குள் மாட்யூலாகத்தான் ஓட்ட வேண்டுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிற பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. 2010-இல் வந்த பிஹெச்பி 5.3.3-இலிருந்து எஃப்பிஎம் என்ற தனி பிராசஸ் நிர்வாகி பிஹெச்பியோடு சேர்ந்தே வருகிறது. '--எனேபிள்-எஃப்பிஎம்' கொடுத்து, திரெட் இல்லாத சாதாரண பிஹெச்பியாகவே கம்பைல் செய்யலாம். அப்பாச்சி ஈவென்ட்டில் ஓடும், பிஹெச்பி தன் சொந்த பிராசஸ்களில் ஓடும், இரண்டும் ஒரு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேசிக்கொள்ளும். மெமரியைப் பகிராததால், இந்த இருவருக்கும் இடையே திரெட் முரண் எழவே வழியில்லை. அப்பாச்சி பக்கம் 'மாட்_பிராக்ஸி', 'மாட்_பிராக்ஸி_எஃப்சிஜிஐ' இரண்டும் வேண்டும். செட்ஹேண்ட்லர் வரியில் சாக்கெட்டின் பாதையைக் கொடுக்கும் வசதி 2.4.10 முதல் இருக்கிறது.

இந்த வழியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிஹெச்பியின் மையப் பகுதி திரெட்-சேஃபாகக் கம்பைல் ஆனாலும், அது கூப்பிடும் எல்லா லைப்ரரிகளும் அப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிஹெச்பி கையேடே சில இடங்களில் இதை எச்சரிக்கிறது. 'செட்லோக்கேல்' அமைப்பு திரெட்டுக்கு அல்ல, பிராசஸ் முழுமைக்கும் பொருந்தும். ஒரு ஸ்கிரிப்ட் எண்களைப் பிரெஞ்சு வழக்கத்தில் காட்டச் சொன்னால், அதே நொடியில் ஓடும் பக்கத்து ஸ்கிரிப்டின் தசமப் புள்ளியும் காற்புள்ளியாக மாறிவிடக்கூடும். எந்தக் கம்பைல் ஆப்ஷனும் இதைத் தீர்க்காது.

இல்லை, மாட்யூல்தான் வேண்டும் என்றால் இரண்டு பாதைகள். பிரிஃபோர்க் எம்பிஎம்மோடு சாதாரண பிஹெச்பி. அல்லது ஈவென்ட்டோடு திரெட்-சேஃப் பிஹெச்பி. இரண்டாவதற்கு பிஹெச்பி 8 முதல் ஆப்ஷன் '--எனேபிள்-இஸட்டிஎஸ்' (இஸட்டிஎஸ் என்பது ஜென்ட் திரெட் சேஃப்ட்டி). அதற்கு முன் '--எனேபிள்-மெயின்டெய்னர்-இஸட்டிஎஸ்' என்று இருந்தது. பழைய பெயரைப் புது வெர்ஷனில் கொடுத்தால் கான்ஃபிகர் ஓர் எச்சரிக்கையோடு அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். திரெட்-சேஃப் ஆகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

உண்மையில் இந்த ஆப்ஷனே பல நேரம் தேவைப்படாது. ஏபிஎக்ஸ்எஸ் என்பது அப்பாச்சி மாட்யூல்களைக் கம்பைல் செய்ய உதவும், அப்பாச்சியோடு வரும் கருவி. '--வித்-ஏபிஎக்ஸ்எஸ்2' என்று அதன் பாதையைக் கொடுக்கும்போது பிஹெச்பியின் கான்ஃபிகர், அந்த ஏபிஎக்ஸ்எஸ் காட்டும் அப்பாச்சியிடம் பெரிய 'வி' கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறது. 'திரெடட்: யெஸ்' என்று பதில் வந்தால் தானாகவே திரெட்-சேஃப் முறைக்கு மாறிவிடும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிந்துகொள்ளலாம். ஈவென்ட் ஓடியும் பிஹெச்பி தானாக மாறவில்லை என்றால், நீங்கள் கொடுத்த ஏபிஎக்ஸ்எஸ் வேறு ஏதோ அப்பாச்சியுடையது. முழுப் பாதையைச் சரிபாருங்கள். அடுத்தது, எம்பிஎம்களை ஷேர்ட் ஆக வைத்திருப்பவர்களுக்கு: பிஹெச்பியைக் கம்பைல் செய்யும் நேரத்தில் கான்ஃபிக் ஃபைலில் பிரிஃபோர்க் இருந்து, பிறகு ஈவென்ட்டுக்கு மாறினால், கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் செய்தி வந்து நிற்கும். ஆகவே முதலில் எம்பிஎம்மை முடிவுசெய்யுங்கள், அப்புறம் பிஹெச்பி. தலைகீழாக, திரெட்-சேஃப் பிஹெச்பி பிரிஃபோர்க்கில் தாராளமாக ஓடும்.

கான்ஃபிகர் முடிந்ததும் மேக் கொடுப்பதற்கு முன் 'மெயின்/பிஹெச்பி_கான்ஃபிக்.ஹெச்' ஃபைலில் இஸட்டிஎஸ் என்று தேடுங்கள். 'டிஃபைன்' வரியில் பக்கத்தில் 1 இருந்தால் திரெட்-சேஃப். நீண்ட கம்பைலை வீணாக்காமல் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நிறுவிய பிறகு பிஹெச்பிஇன்ஃபோ பக்கத்தை பிரவுசரில் திறந்து 'திரெட் சேஃப்ட்டி' வரியைப் பாருங்கள். டெர்மினலில் 'பிஹெச்பி -ஐ' கொடுத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம். அங்கே பதில் சொல்வது டிஸ்ட்ரோவின் பிஹெச்பியாக இருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன்கள்

திரெட் முறை மாறினால் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். விதிவிலக்கு கிடையாது. திரெட் இல்லாத பிஹெச்பியில் 'எக்ஸிக்யூட்டர்_குளோபல்ஸ்' என்று இருக்கும் பொது மாறி, திரெட்-சேஃப் பிஹெச்பியில் அந்தப் பெயரில் இருக்காது. ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி நகல் வேண்டும் என்பதால் அங்கே அமைப்பே வேறு. பழைய எக்ஸ்டென்ஷன் அந்தப் பெயரைத் தேடிக் கிடைக்காமல் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று சொல்லும். அல்லது பில்ட் ஆப்ஷன்கள் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும்.

எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரின் பெயரிலேயே விடை இருக்கிறது. பிஹெச்பி 8.1-இல் சாதாரணமானது 'நோ-டீபக்-நான்-இஸட்டிஎஸ்-20210902'. திரெட்-சேஃப் என்றால் அதில் 'நான்' இருக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலைக் காப்பி செய்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் சோர்ஸைக் கம்பைலுக்குத் தயார்செய்யும் பிஹெச்பைஸ் கருவியை ஓட்டும்போது, புது பிஹெச்பியின் 'பின்' என்ற ஃபோல்டரில் இருப்பதைக் கூப்பிட்டு, கான்ஃபிகரில் '--வித்-பிஹெச்பி-கான்ஃபிக்' என்று அதே ஃபோல்டரில் இருக்கும் 'பிஹெச்பி-கான்ஃபிக்' ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால் தப்பாகப் போக வாய்ப்பில்லை.

ஐந்தாம் படி: மற்ற லைப்ரரிகள்

திரெட் முரணைச் சுட்டிக்காட்டும் அந்த முதல் செய்தி பிஹெச்பி மாட்யூல் தானே செய்துகொள்ளும் சோதனை. மற்ற லைப்ரரிகளை அப்பாச்சி இப்படிச் சோதிப்பதில்லை, உள்ளே விட்டுவிடும். அதனால் இங்கே நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் பல லைப்ரரிகள் இரண்டு உருவத்தில் வந்தன. மைஎஸ்கியூஎல்லுக்கு 'லிப்மைஎஸ்கியூஎல்கிளையன்ட்', அதன் திரெட் உருவம் கடைசியில் '_ஆர்' சேர்ந்தது. ஓப்பன்எல்டாப்பிலும் அப்படியே. ஒரு மாட்யூல் '_ஆர்' உள்ளதோடும் இன்னொன்று இல்லாததோடும் லிங்க் ஆகிவிட்டால், ஒரே பெயருள்ள ஃபங்ஷன்கள் ஒரே பிராசஸுக்குள் இரண்டு பிரதிகளாக இருக்கும். எது கூப்பிடப்படும் என்பது லோட் ஆன வரிசையைப் பொறுத்தது. மைஎஸ்கியூஎல் 5.5 முதல் சாதாரண லைப்ரரியே திரெட்-சேஃப் ஆகிவிட்டது, ஓப்பன்எல்டாப் 2.5-இல் இரண்டும் ஒன்றாயின. இன்று '_ஆர்' தேடச் சொல்லும் குறிப்பைப் பார்த்தால் அது பழையது என்று விட்டுவிடலாம்.

இன்றைக்கு அதிகம் தொல்லை தருவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி இரண்டு வெர்ஷனாக உள்ளே வருவது. ஒரு ஃபைல் எந்தெந்த லைப்ரரிகளை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் 'எல்டிடி' கமாண்டை 'மாட்_எஸ்எஸ்எல்.எஸ்ஓ' மீதும் 'லிப்பிஹெச்பி.எஸ்ஓ' மீதும் தனித்தனியாக ஓட்டி, இரண்டிலும் 'லிப்எஸ்எஸ்எல்' வரியை ஒப்பிடுங்கள். ஒன்றில் 1.1, இன்னொன்றில் 3 என்றிருந்தால் இரண்டையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவாருங்கள். 2016-இல் வந்த 1.1.0-க்கு முந்தைய ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பூட்டு (லாக்) போடும் ஃபங்ஷன்களை அதைப் பயன்படுத்தும் புரோகிராமே கொடுக்க வேண்டியிருந்தது. மறந்தால் பல திரெட் வேலைசெய்யும்போது கிராஷ். 1.1.0 முதல் அது தன் லாக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. பழைய சர்வரைப் பராமரிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்டிடி எதிர்பாராத பாதையைக் காட்டினால், உங்கள் லைப்ரரி ஃபோல்டரை எல்டிகான்ஃபிக் அமைப்பில் சேருங்கள், அல்லது லிங்க் செய்யும்போதே ஆர்பாத் (பைனரிக்குள்ளேயே எழுதிவைக்கும் லைப்ரரிப் பாதை) கொடுங்கள். 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். ஷெல்லில் அமைத்த மதிப்பு சிஸ்டம்டி வழியாகக் கிளம்பும் சர்வருக்குப் போய்ச் சேராது.

லிங்கர் தகராறு

கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர், 'பிதிரெட்_கிரியேட்' கிடைக்கவில்லை என்று சொன்னால், சிஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் இரண்டிலும் '-பிதிரெட்' கொடுங்கள். '-எல்பிதிரெட்' லைப்ரரியை மட்டும் இணைக்கும். '-பிதிரெட்' கம்பைலருக்கும் திரெட் விஷயத்தைத் தெரிவித்து, லிங்க் வேலையையும் பார்த்துக்கொள்ளும். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி ஜிலிப்சி. 2021-இல் வந்த அதன் 2.34-இல் திரெட் லைப்ரரி சி லைப்ரரிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. உபுண்டு 22.04-இல் இந்த ஃபிளாக் இல்லாமலே கம்பைல் ஆகிற அதே சோர்ஸ் உபுண்டு 20.04-இல் முறுக்கிக்கொள்வது இதனால்தான்.

ஓடும்போது விழுந்தால்

எரர் லாக்கில் ஏஹெச்00052 என்ற எண்ணோடு செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால், எம்பிஎம்களை ஷேர்ட் ஆக வைத்ததன் பலன் இப்போது கிடைக்கும். லோட்மாட்யூல் வரியை பிரிஃபோர்க்குக்கு மாற்றி, அதே சுமையைக் கொடுத்துப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் ஏதோ ஒரு துண்டு திரெட்-சேஃப் இல்லை என்பது அநேகமாக உறுதி. பிரிஃபோர்க்கிலும் விழுந்தால் திரெட்டைத் துரத்தி நேரத்தைச் செலவிட வேண்டாம். இரட்டை ஓப்பன்எஸ்எஸ்எல், பொருந்தாத ஏபிஆர் போன்றவற்றைத் தேடுங்கள்.

திரெட்தான் என்று தெரிந்ததும் ஈவென்ட்டுக்குத் திரும்பி, கான்ஃபிக்கில் கோர்டம்ப்டைரக்டரி அமைத்து, கோர் ஃபைல் (பிராசஸ் விழுந்த கணத்தின் மெமரிப் பிரதி) கிடைத்ததும் ஜிடிபி என்ற டீபக்கரில் 'திரெட் அப்ளை ஆல் பிடி' கொடுங்கள். விழுந்த திரெட்டை மட்டும் பார்த்தால் போதாது. அதே நேரத்தில் இன்னொரு திரெட்டும் அதே லைப்ரரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். இருவரும் ஒரே லைப்ரரிக்குள் என்றால் முதல் சந்தேகம் அந்த லைப்ரரி மேல்தான். ஆல்பைன் லினக்ஸில் மட்டும் கிராஷ் என்றால் வேறு காரணமும் உண்டு. அதன் சி லைப்ரரியான மசல், 1.1.21 முதல் ஒரு திரெட்டுக்கு இயல்பாகத் தரும் ஸ்டாக் 128 கிலோபைட்தான்; ஜிலிப்சியில் இது வழக்கமாக 8 மெகாபைட். அப்பாச்சியின் திரெட்ஸ்டாக்சைஸ் அமைப்பை 1048576 ஆக்கிப் பார்த்துவிட்டு மேலே தேடுங்கள்.

விண்டோஸில் பிரிஃபோர்க் என்ற தப்பிக்கும் வழி இல்லை. அங்குள்ள எம்பிஎம் எப்போதும் திரெட் வகை. ஆகவே பிஹெச்பியை மாட்யூலாக ஓட்ட, இறக்கும் பக்கத்தில் 'திரெட் சேஃப்' என்று போட்டிருப்பதையே எடுக்க வேண்டும், ஃபோல்டரில் 'பிஹெச்பி8டிஎஸ்.டிஎல்எல்' இருந்தால் சரியானதுதான்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அப்பாச்சி, பிஹெச்பி இரண்டின் கான்ஃபிக்.நைஸ் ஃபைல்களையும், பெரிய 'வி' கேள்விக்கு வந்த பதிலையும், இரண்டு மாட்யூல்களின் எல்டிடி பட்டியலையும் ஒரே ஃபோல்டரில் தேதி போட்டுச் சேமியுங்கள். அடுத்த முறை டிஸ்ட்ரோ ஒரு லைப்ரரியை அப்டேட் செய்து சர்வர் முரண்டு பிடித்தால், அன்றைய பட்டியலையும் இதையும் டிஃப் போட்டுப் பாருங்கள். மாறிய வரியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.